கசப்பு பீர் தேவசுந்தரம்

அல் கோரில் கம்பெனி கொடுத்த மூன்று மாடிக் கட்டடத்தில், இரண்டாம் மாடிக் கடைசி வீட்டுக்கு வியாழக்கிழமை சாயங்காலம் போனால் தேவசுந்தரத்தைப் பார்க்கலாம். மற்ற நாட்களில் அவர் ராஸ் லஃபானில் ஒரு எரிவாயு ஆலையில் இன்ஸ்ட்ருமெண்ட் ஃபோர்மேன். வியாழக்கிழமை மட்டும் அவர் வேறு ஆள். குளித்து, பவுடர் போட்டு, மடிப்புக் கலையாத கைலியோடு பிரிட்ஜ் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பிரிட்ஜுக்குள் பீர் இருக்கும். அந்த பீர் அவருடைய பர்மிட்டில் வாங்கியது.

கத்தாரில் பீர் வாங்குவது சும்மா இல்லை. டோஹாவில் ஒரே ஒரு கடை. அங்கே வாங்க பர்மிட் அட்டை வேண்டும். அட்டை வேண்டுமென்றால், இந்த ஆள் எங்களிடம் வேலை செய்கிறார், இன்ன சம்பளம் வாங்குகிறார் என்று கம்பெனி கடிதம் தர வேண்டும். ஃபோர்மேனுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அந்தக் கடிதம் கிடைக்காது. ஆகவே கிரேன் ஓட்டும் இன்பமணிக்குப் பர்மிட் இல்லை. சாரம் கட்டும் ராக்கப்பனுக்கும் இல்லை. தேவசுந்தரத்துக்கு உண்டு. ஆறு வருடமாக அந்த இருவரும் வியாழக்கிழமை தோறும் அவர் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

இன்பமணி முட்டத்துக்காரன். தேவசுந்தரத்தோடு ஒரே பெஞ்சில் படித்தவன், ஒரே விமானத்தில் அபுதாபிக்கு வந்து இறங்கியவன், பிறகு ஒரே கம்பெனியில் கத்தாருக்கும் வந்தவன். ராக்கப்பன் சிவகங்கைப் பக்கம். லேபர் கேம்பில் எட்டுப் பேரோடு ஒரு ரூமில் இருந்தான். வியாழக்கிழமை ஒன்றுதான் அவனுக்குச் சோபாவில் உட்காரக் கிடைக்கும் நாள்.

தேவசுந்தரம் வாங்குவது ஒரே வகை பீர். இங்கிலாந்துக்காரர்கள் பிட்டர் என்று சொல்லும், தேன் நிறத்தில் இருக்கும் கசப்பு பீர். அபுதாபியில் அவருக்கு மேலாளராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் அதைத்தான் குடிப்பாராம். மற்றதெல்லாம் சோடா என்பாராம். அன்றிலிருந்து இவருக்கும் மற்றதெல்லாம் சோடா ஆகிவிட்டது. அதிகம் குளிரக் கூடாது என்று கேன்களை ஒரு மணி நேரம் முன்னாலேயே வெளியே எடுத்து வைப்பார். கண்ணாடி கிளாஸைச் சாய்த்து ஊற்றுவார். நுரை ஒரு விரல் உயரம். பிறகு ஒரு சின்னப் பிரசங்கம்.

"பீருன்னா கசக்கணும் கேட்டியா. நாக்குக்கு அடியில போயி நிக்கணும். இனிக்குறதக் குடிக்கதுக்கு பெப்சி போதும்லா."

இன்பமணி தலையாட்டுவான். ராக்கப்பன், "சரியாச் சொன்னீங்கண்ணே" என்பான். தேவசுந்தரத்துக்கு அந்தத் தலையாட்டல்தான் சம்பளம். ஊரில் அவருக்கு வீடு இருந்தது, மனைவி இருந்தாள், கல்லூரியில் படிக்கும் மகன் இருந்தான். ஆனால் அவர் சொல்வதை வாய் மூடிக் கேட்க ஆள் இருந்தது அல் கோரில் மட்டும்தான்.

இரண்டாயிரத்து ஏழாம் வருடம், மார்ச் மாதத்தில் ஆல்டோ வந்தான்.

முட்டத்துக்குப் பக்கத்துக் குளச்சல்காரன், முப்பது வயது, மெக்கானிக்கல் என்ஜினியர். எதிர் வீட்டையே அவனுக்குக் கொடுத்தார்கள். வந்த முதல் வாரமே தேவசுந்தரத்தின் கதவைத் தட்டி, "அண்ணே, நம்ம ஊர்ப் பேச்சு கேட்டுது, அதான் வந்தேன்" என்றான். தேவசுந்தரத்துக்கு அவனைப் பிடித்தது. வியாழக்கிழமை கூப்பிட்டு உட்கார வைத்து, கிளாஸைச் சாய்த்து ஊற்றி, பிரசங்கத்தை முழுதாக நடத்தினார். ஆல்டோ மரியாதையாகக் கேட்டான். ஒரு கிளாஸ் குடித்தான். "நல்லாருக்குண்ணே. ஆனா நான் கறுப்பு பீர்க்காரன்" என்று சிரித்தான்.

"கறுப்பா? அது கசாயம்லாடே!"

"கசாயந்தாண்ணே. எனக்கு அதான் பிடிக்கும்."

அது எப்படி ஒருவன் இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடிகிறது என்று தேவசுந்தரம் அன்று ராத்திரி சாப்பிடும்போதும் யோசித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மாதத்தில் ஆல்டோவுக்குப் பர்மிட் கிடைத்தது. சம்பளம் பெரிது, எனவே மாத அளவும் பெரிது. முதல் தடவை டோஹாவுக்குப் போகும் முன் அவன் ஒரு துண்டுக் காகிதத்தோடு வந்தான். தேவசுந்தரத்தின் வீட்டில், தேவசுந்தரத்தின் சோபாவில் உட்கார்ந்துகொண்டு, ஓட்டல் சப்ளையர் மாதிரி கேட்டான்.

"ராக்கப்பண்ணே, ஒங்களுக்கு என்ன வாங்கட்டும்?"

"எனக்கென்னப்பா தெரியும். ஊர்ல குடிக்கிற மாதிரி, தலையில ஒரு தட்டுத் தட்டணும். அவ்வளவுதான்."

"ஸ்ட்ராங் பீர். சரி. இன்பமணியண்ணே, ஒங்களுக்கு?"

இன்பமணி தேவசுந்தரத்தை ஒரு பார்வை பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "அபுதாபியில ஒரு ஓட்டல்ல, ஒரு பெல்ஜியத்துக்காரன் வாங்கிக் குடுத்தான் லே ஒரு தடவ. கலங்கலா இருக்கும், நீச்சத்தண்ணி மாதிரி. ஆரஞ்சுத் தொலி வாசம் வரும். பேரு தெரியாது."

"கோதுமை பீர் அண்ணே அது. கெடைக்கும்."

"எனக்குக் கசப்பு ஆகாது பாத்துக்க" என்றான் இன்பமணி, ஆல்டோவிடம்.

தேவசுந்தரம் பிரிட்ஜ் பக்கத்திலிருந்து திரும்பினார். "கசப்பு ஆகாதா? ஆறு வருசமா குடிச்சியேலே?"

"நீ ஊத்துன. குடிச்சேன்."

எல்லோரும் சிரித்தார்கள். தேவசுந்தரமும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, வெளியே எடுத்து வைத்திருந்த கேன்களில் ஒன்றைத் திரும்ப பிரிட்ஜுக்குள் வைத்தார்.

அதற்குப் பிறகு வியாழக்கிழமை எதிர் வீட்டுக்குப் போய்விட்டது. யாரும் முடிவு செய்து மாற்றவில்லை. பீர் அங்கே இருந்தது, ஆட்களும் அங்கே போனார்கள். "அண்ணே, நீங்களும் வாங்க" என்று ஆல்டோ வந்து கூப்பிடுவான். தேவசுந்தரம் தன் கேன்கள் இரண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போகிறவர் மாதிரி, எதிர் வீட்டுக்குப் போவார்.

அங்கே சத்தமாக இருக்கும். இன்பமணி ஷேரி மீனை மிளகாய் தடவிப் பொரிப்பான். தேவசுந்தரத்தின் வீட்டில் அவன் ஒரு நாளும் அடுப்புப் பக்கம் போனதில்லை. ராக்கப்பன் இரண்டாவது கேனில் மேஸ்திரிமார்களைப் போல நடித்துக் காட்டுவான். அவனுக்கு நடிக்க வரும் என்பதே தேவசுந்தரத்துக்குப் புதுச் செய்தி. ஒரு நாள் அவனுடைய கேலி ஃபோர்மேன்மார்கள் பக்கம் திரும்பியது. கழுத்தைச் சாய்த்து, கேனைச் சாய்த்து, "நாக்குக்கு அடியில போயி நிக்கணும்" என்றான். ஆல்டோ விழுந்து விழுந்து சிரித்தான். இன்பமணி கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"நல்லாச் செய்யுதான் இல்லியா?" என்றான் தேவசுந்தரத்திடம்.

"கொள்ளாம், நல்லாத்தான் செய்யுதான்" என்றார் தேவசுந்தரம்.

வீட்டுக்கு வந்து கட்டிலில் கிடந்து கணக்குப் போட்டுப் பார்த்தார். ஆல்டோ என்ன செய்துவிட்டான்? ஒரு காகிதத்தில் நாலு பெயர் எழுதினான். அதை அவரும் செய்திருக்கலாம். அந்த எண்ணம்தான் அதிகம் எரிந்தது. அவன் பெரிய வித்தை எதையும் காட்டி ஜெயித்திருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். கேட்டான், அவ்வளவுதான். அதற்கே இன்பமணி நாற்பது வருடப் பழக்கத்தை வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டான்.

ஊருக்குப் போன் செய்தபோது மனைவி, "என்ன, கொரலு ஒரு மாதிரி இருக்கு?" என்றாள்.

"இங்க ஒருத்தன் புதுசா வந்திருக்கான். பெரிய இவன்."

"என்ன செஞ்சான்?"

"ஒண்ணுமில்ல" என்று வைத்துவிட்டார்.

ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. ஆளாளுக்கு மாதம் இரண்டு சேஃப்டி கார்டு எழுதிப் போட வேண்டும். யாராவது ஹெல்மெட் வாரைக் கட்டாமல் நிற்கிறானா, ஏணி சாய்வு சரியில்லையா, பார்த்ததை எழுதி மஞ்சள் பெட்டிக்குள் போட வேண்டும். கார்டில் மூன்று கட்டம். பார்த்தது என்ன. அதனால் என்ன விபரீதம் நடக்கலாம். என்ன செய்து சரிப்படுத்த வேண்டும். எழுதியவர் பெயர் போட வேண்டாம்; தப்பு செய்தவர் பெயரும் எழுதக் கூடாது. தேவசுந்தரம் இந்தக் கார்டு எழுதுவதில் கெட்டிக்காரர். சிறந்த கார்டுக்கான பரிசாக ஒரு ஃபிளாஸ்க் கூட வாங்கியிருக்கிறார். புதிதாக வருகிறவர்களுக்குக் கார்டு எழுதச் சொல்லிக்கொடுப்பதே அவர்தான்.

செப்டம்பரில், நோன்பு தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது, அந்த வியாழக்கிழமை வந்தது. நோன்பு மாதத்தில் கடை மூடியிருக்கும் என்பதால் ஆல்டோ கார் நிறைய வாங்கி வந்திருந்தான். தேவசுந்தரம் உள்ளே நுழைந்தபோது இன்பமணி ஆல்டோவிடம் எதையோ சொல்லிக்கொண்டிருந்தான். தன் மகள் படிப்பை நிறுத்திவிட்டதை, வீட்டில் யாரோடும் பேசாமல் இருப்பதை, தனக்கு இரண்டு மாதமாகத் தூக்கம் இல்லாததை. தேவசுந்தரத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தி, "வாலே" என்றான்.

இன்பமணியின் வீட்டுக் கதை எதுவும் அதுவரை தேவசுந்தரத்துக்குத் தெரியாது.

சனிக்கிழமை டியூட்டி. டீ நேரத்தில் கன்டெய்னர் ஆபீசுக்குப் பின்னால் நின்று, முழங்காலில் வைத்து, ஆங்கிலத்தில் பெரிய எழுத்துகளில் ஒரு கார்டு எழுதினார். முதல் கட்டத்தில்: ஆல்டோ என்கிற என்ஜினியர், கம்பெனி குடியிருப்பில், வியாழக்கிழமை தோறும், பர்மிட் இல்லாத ஊழியர்களுக்கு, அவரவர் விருப்பப்படி பீர் வழங்குகிறார். இரண்டாம் கட்டத்தில்: அடுத்த டியூட்டியில் விபத்து நேரலாம். மூன்றாம் கட்டத்தில்: பர்மிட் கடிதத்தை ரத்து செய்ய வேண்டும். எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆறு வருடம் தானும் அதையேதான் செய்தோம் என்பதைக் கார்டை மடிக்கும்போது நினைத்தார். நினைத்துக்கொண்டே பெட்டிக்குள் போட்டார்.

போட்ட பிறகுதான் பயம் வந்தது. இது ஏணிச் சாய்வு இல்லை. போலீஸ் வரை போனால் ஆளை விமானம் ஏற்றிவிடுவார்கள். இரண்டு நாள் பெட்டிப் பக்கமே சுற்றினார். பெட்டிக்குப் பூட்டு இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை வேலை தொடங்கும் முன் எல்லோரும் கூடும் கூட்டத்தில் சேஃப்டி ஆபீசர் கலீலுர் ரஹ்மான் பேசினார். காயல்பட்டினத்துக்காரர், மெல்லப் பேசுகிறவர், பீர் எந்த நிறம் என்று கூடத் தெரியாதவர். கையில் அந்தக் கார்டு இருந்தது. அதில் ஒரு வரியின் மேல் வெள்ளை மை பூசியிருந்தது.

"யாரோ ஒருத்தர் கார்டுல ஆள் பேரு எழுதியிருக்காங்க. பேரு எழுதக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்லியிருக்கு? யாரு செஞ்சாங்கறது நமக்குத் தேவையில்ல. அது நடக்கதுக்கு எது எடம் குடுக்குதுன்னுதான் பாக்கணும். பேர நான் அழிச்சிட்டேன். எனக்கும் மறந்து போச்சு." சொல்லிவிட்டுக் கார்டை வாசித்தார். ஒரு நபர், கம்பெனி குடியிருப்பில், வியாழக்கிழமை தோறும், பர்மிட் இல்லாத ஊழியர்களுக்கு, அவரவர் விருப்பப்படி. கடைசி வார்த்தைகளை வாசிக்கும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதுதான் தேவசுந்தரத்தின் கழுத்தை வியர்க்க வைத்தது.

பெயர் போய்விட்டது. ஆல்டோ தப்பித்தான். ஆனால் மூன்றாம் கட்டம் அப்படியே இருந்தது. மூன்றாம் கட்டத்தில் எழுதியதற்கு ஏதாவது ஒரு நடவடிக்கை எடுத்துக் காட்டியே ஆக வேண்டும் என்பது அந்தக் கார்டின் விதி. யாருடைய கடிதம் என்று இல்லாததால் எல்லோருடைய கடிதமும் ஆயிற்று. அட்மின் ஆபீசிலிருந்து சீதாராமன் கையெழுத்துப் போட்ட சர்க்குலர் வியாழக்கிழமை காலையில் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்பட்டது. மது பர்மிட்டுக்காகக் கம்பெனி கொடுத்த எல்லாக் கடிதங்களும் திரும்பப் பெறப்படுகின்றன. அட்டைகளை ஒப்படைக்கவும். குடியிருப்பில் உள்ள இருப்பை இன்று மாலைக்குள் அப்புறப்படுத்தவும், சோதனை நடக்கும்.

இருபது வருடம் வளைகுடாவில் இருந்தவர். ஒருவன் மேல் புகார் போனால் சர்க்குலர் எல்லோர் மேலும் வரும் என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆத்திரத்தில் அது கண்ணுக்குத் தெரியவில்லை. வியாழக்கிழமை அரை நாள் டியூட்டி. மதியம் வீட்டுக்கு வந்து தன் கேன்களை ஒவ்வொன்றாக உடைத்துக் கழுவுதொட்டியில் ஊற்றினார். எதிர் வீட்டிலும் ஊற்றுகிற சத்தம் கேட்டது. அங்கே சிரிப்பும் கேட்டது.

சாயங்காலம் அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார். இனி யாரிடமும் எதுவும் இல்லை. இனி இன்பமணி எந்த வீட்டுக்கு வருவான் என்று பார்க்கலாம். கைலி மாற்றி, மிக்சர் பாக்கெட்டைப் பிரித்துத் தட்டில் கொட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆறு மணிக்குப் படியில் இன்பமணியின் செருப்புச் சத்தம் வந்தது. ஏறி வந்தது. எதிர்ப் பக்கம் போனது.

கொஞ்ச நேரம் கழித்து ஆல்டோதான் வந்து கதவைத் தட்டினான். "அண்ணே, என்ன தனியா? வாங்க."

எதிர் வீட்டு மேஜையில் ஹலால் பீர் பாட்டில்கள். மளிகைக் கடையில் சோடா பக்கத்தில் அடுக்கி வைத்திருக்கும், போதை இல்லாத மால்ட் தண்ணீர். அதிலும் ஆல்டோ ஆளுக்கொன்றாக வாங்கி வைத்திருந்தான். இன்பமணிக்குப் பீச் பழ வாசனை. ராக்கப்பனுக்கு மாதுளை.

"இதக் குடிச்சா தலையில தட்டாதுண்ணே, முதுகத் தடவிக் குடுக்கும்" என்றான் ராக்கப்பன். மூன்று பேரும் சிரித்தார்கள். பீர் போய்விட்டது. சிரிப்பு போகவில்லை.

"ஒங்களுக்குப் பழ வாசன வேண்டாம்னு வெறும் மால்ட் வாங்கியிருக்கேண்ணே. கொஞ்சம் கசக்கும்" என்று ஆல்டோ ஒரு பாட்டிலை நீட்டினான். அவர் வாங்கிக்கொண்டார்.

"எந்தப் பய எழுதுனானோ" என்று ராக்கப்பன் ஆரம்பித்தான். "அவன் கையி வெளங்காமப் போக."

"சும்மா விடக் கூடாது அவன" என்றார் தேவசுந்தரம். அவர் குரல் தேவைக்கு மேல் ஓங்கியிருந்தது. இன்பமணி பாட்டிலைக் கீழே வைத்தான்.

"லே, கொஞ்சம் வெளிய வா" என்றான்.

படிக்கட்டுப் பக்கம் நின்றார்கள்.

"அவரவர் விருப்பப்படின்னு எழுதியிருந்துச்சு" என்றான் இன்பமணி. "ஊழியருக்கு பீர் குடுக்கான்னு எழுதுனா போதும். அவனவனுக்குப் பிடிச்சதக் குடுக்கான்னு எதுக்கு எழுதணும்? அது யாருக்குலே வலிக்கும்? கம்பெனிக்கா வலிக்கும்?"

தேவசுந்தரம் சுவரைப் பார்த்தார்.

"நான் யாருக்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா அவனுக்குத் தெரியாம அவன் கையால வாங்கிக் குடிக்கிற பாரு, அதப் பாத்துக்கிட்டு என்னால பக்கத்துல இருக்க முடியாது. உள்ள போயிச் சொல்லு. இல்லன்னா இனிமே எங்கூடப் பேசாத."

சொல்லிவிட்டு அவன் உள்ளே போய்விட்டான். தேவசுந்தரம் வெளியே நின்றார். கதவு ஒருக்களித்திருந்தது. ஆல்டோ எதையோ கேட்க, இன்பமணி பதில் சொல்வது கேட்டது. என்ன பேசுகிறார்கள் என்று காது தானாகவே நீண்டது. அந்த நிமிஷத்திலும் அவருக்குப் பயத்தைவிட, தான் இல்லாமல் அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்பதுதான் பெரிதாக இருந்தது. அது தனக்கே தெரிந்ததும் கதவைத் தள்ளினார்.

"ஆல்டோ. அந்தக் கார்ட நாந்தான் எழுதுனேன்."

ராக்கப்பன் சிரிக்கப் போனான். இன்பமணியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

"பேரு எழுதியிருந்துதுன்னு சொன்னாரே கலீல் பாய்" என்றான் ஆல்டோ மெதுவாக. "என் பேரா?"

"ஒம் பேருதான்."

ஆல்டோ எழுந்து நின்றான். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்தான். "அண்ணே, எம் பொண்டாட்டி ஜோஸ்மிக்கும் பிள்ளைக்கும் விசா பேப்பர் சீதாராமன் சார் மேஜையிலதாண்ணே கெடக்கு. அடுத்த மாசம் வாறா. பிள்ளைய நான் இன்னும் நேர்ல பாக்கல." அவன் தன் பாட்டிலைத் தள்ளி வைத்தான். "பீருக்காகவாண்ணே?"

"பீருக்கு இல்லடே." தேவசுந்தரம் இன்பமணியைக் காட்டினார். "இவன் என் கூட நாப்பது வருசம். அவனுக்குக் கசப்பு ஆகாதுன்னு எனக்குத் தெரியாது. மக விசயம் தெரியாது. எல்லாத்தையும் ஒங்கிட்ட வந்து சொல்லுதான். எனக்குப் பொறுக்கல. வேற காரணம் ஒண்ணும் கெடையாது."

"நீ கேட்டதில்லையேலே" என்றான் இன்பமணி.

சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்துத்தான் அவர் கதவைத் தள்ளியிருந்தார். ஒன்றும் இறங்கவில்லை. ஆல்டோ தலையைக் குனிந்துகொண்டு இரண்டு கையாலும் முகத்தை மூடினான். இன்பமணி நகர்ந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து, பொரித்த மீன் வாசம் அடிக்கும் கையை அவன் தோளில் வைத்தான். கிரேன் லிவரைப் பிடித்துக் காய்த்துப்போன கை. வைத்து, எடுக்காமல் அப்படியே இருந்தான்.

தேவசுந்தரம் வாசலில் நின்றபடி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.